பெற்றோர் அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியுமா?

பி-2 சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை இன்னும் சில மாதங்கள் சட்டப்படி தங்கவைக்க வழி கேட்கிறீர்கள். வழி இருக்கிறது. முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள பத்தாண்டு விசாவை மறந்துவிடுங்கள். உள்ளே எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 பதிவு. இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம்.

அந்தத் தேதிக்குள், தங்கும் காலத்தை நீட்டிக்கக் கோரும் ஐ-539 விண்ணப்பம் அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 45 நாள் முன்பாகவே அனுப்பச் சொல்கிறது துறை. அப்பா விண்ணப்பித்தால், அம்மாவை ஐ-539ஏ படிவத்தில் அதிலேயே சேர்க்கலாம். காரணம் உறுதியாக இருக்கட்டும்: சிகிச்சை முடியவில்லை, மகளின் பிரசவம் தள்ளிப்போயிற்று. பேரனைப் பிரிய மனமில்லை என்பது உண்மைதான், ஆனால் அதிகாரிக்கு அது போதாது. செலவுக்குப் பணம், ஊரில் வீடு, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்குச் சான்று இணையுங்கள்.

உரிய காலத்தில் அனுப்பிய விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை கவலையில்லை. நிராகரித்துவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டிய பின் வெளியேறினால் மீண்டும் நுழைய 3 ஆண்டுத் தடை. ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு. பயணக் காப்பீட்டையும் மறக்காமல் நீட்டித்துக்கொள்ளுங்கள்.