பருத்தித்துறைக் கடற்கரை வீதியால ஓடுற பைக்குக்கு என்ன செயின் ஒயில்?

கிறீஸ் பூசியும் செயின் துருப்பிடிச்சுக் கரகரக்குது எண்டு எழுதியிருக்கிறியள். கிறீஸ் செயின் மூட்டில சுத்துற ரோலருக்குள்ள இறங்காது. வெளியில நிண்டு மணலைப் பிடிச்சு, பல்லுச்சில்லை அராவும். கழிச்ச எஞ்சின் ஒயிலும் வேண்டாம், அதில இரும்புத் துகள் கிடக்கும்.

80டபிள்யூ-90 கியர் ஒயில் வாங்குங்கோ. எஞ்சினை நிப்பாட்டி, மண்ணெண்ணெய்த் துணியால செயினைத் துடையுங்கோ. ஓ-ரிங் செயினெண்டால் (மூட்டுகளில ரப்பர் வளையம் உள்ளது) பெற்றோலும் கம்பிப் பிரஸும் ரிங்கைக் கெடுத்துப்போடும். காய்ஞ்ச பிறகு பின்சில்லைக் கையால சுத்திக்கொண்டு, கீழ்ச் செயினின்ர உள்பக்கத்தில, ஒவ்வொரு மூட்டின்ர ரெண்டு ஓரத்துக்கும் ஒரு சொட்டு. ஓடேக்க அது தானா வெளிப்பக்கம் பரவும். இரவு முழுக்க அப்பிடியே விட்டிட்டு, காலமை மிச்சத்தை வடிவாத் துடையுங்கோ. ரயரில தெறிச்சால் வழுக்கும், கவனம்.

500 கிலோமீற்றருக்கு ஒருக்காச் செய்யுங்கோ, மாரியில நனைஞ்சால் அண்டைக்கே. ஒயில் விட்டும் மூட்டுகள் இறுகியே நிண்டால், செயினையும் ரெண்டு பல்லுச்சில்லையும் சேர்த்து மாத்துங்கோ.