பை கனக்கிறது என்றால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள்

வணக்கம். மூவருக்கான அவசரகாலப் பை 22 கிலோவைத் தொட்டுவிட்டதாகவும், தாயாரின் இன்சுலினை அதில் எப்படி வைப்பது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எடைக்குக் காரணம் நீங்கள் அடுக்கியிருக்கும் 12 லிட்டர் தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்ற பொதுவான கணக்கு வீட்டில் சேமித்து வைப்பதற்குப் பொருந்துமே தவிர, தோளில் சுமந்துகொண்டு படியிறங்குவதற்குப் பொருந்தாது. ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலும், பொதுவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரைகளும் வைத்துக்கொண்டு, பையை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மூன்று டார்ச்சுகளில் ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

இன்சுலின் விஷயத்தில்தான் கவனம் தேவை. திறக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் குளிர்பதனப் பெட்டியிலேயே இருக்கட்டும்; பதற்றத்தில் நினைவு கைகொடுக்காது என்பதால், "இன்சுலின் எடு" என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைப் பையின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். எடுத்துச் செல்லும்போது கூடவே பனிக்கட்டி வைத்தால், அது குப்பியை நேரடியாகத் தொடக் கூடாது, ஏனெனில் ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்த முடியாது. பயன்பாட்டில் உள்ள குப்பி பெரும்பாலும் அறை வெப்பநிலையில் 28 நாள் தாங்கும் (வகைக்கு வகை மாறும், உறையைப் பாருங்கள்). அந்தக் குப்பி, சிரிஞ்சு, குளுக்கோஸ் மாத்திரை, மருந்துச் சீட்டின் நகல் ஆகியவை தாயாரின் இடுப்புப் பையில் இருந்தால், கூட்டத்தில் பிரிய நேர்ந்தாலும் அவரிடமே இருக்கும்.