நாய் நனையவில்லையே என்ற கேள்வி

வணக்கம் சார்,

காணாமல் போனவர்களைப் பற்றி வெளியாட்கள் ஊகம் பண்ணுவது கொடுமை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எனக்கு முழு உடன்பாடில்லை. 2023-இல் இங்கிலாந்தில், லாங்கஷயரில், நாயோடு நடக்கப்போன ஒரு பெண் காணாமல் போனாரே, அப்போது தினமும் ராத்திரி எல்லா வீடியோவும் பார்த்தேன். போன் பெஞ்சில் கிடக்கிறது, நாய் நனையவில்லை, சோனார் (தண்ணீருக்குள் ஒலி அலை அனுப்பித் தேடும் கருவி) வைத்துத் தேடியவரே ஆற்றில் இல்லை என்கிறார். எங்கள் ஊர் ஆற்றில் மூன்றாம் நாள் மிதந்துவிடும், அங்கே 23 நாள். சந்தேகப்படாமல் எப்படி இருப்பது? போலீஸ் ஒழுங்காகப் பேசியிருந்தால் ஜனங்கள் ஏன் பேசப்போகிறார்கள்? அவருடைய துணைவர் டிவியில் பேசியபோது "முகத்தில் துக்கமே இல்லை" என்று நானும் ஒரு கமெண்ட் போட்டேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

கடைசி இரண்டு வரிகளை எழுதியதற்கு நன்றி. அதை எழுதாமலே இந்தக் கடிதத்தை அனுப்பியிருக்கலாம்.

அந்த வீடியோக்களை நானும் பார்த்தேன். ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. குழந்தைகள் இரண்டு பேரையும் பள்ளியில் விட்டுவிட்டு, செயின்ட் மைக்கேல்ஸ் ஆன் வயர் என்ற சின்ன ஊரில் வயர் ஆற்றங்கரையில் நாயோடு நடக்கிறார். காலை 9.01-க்கு டீம்ஸ் என்ற செயலியில் நடந்த அலுவலக ஆன்லைன் மீட்டிங்கில் சேர்கிறார். ஒன்பதரை தாண்டி யாரோ பார்க்கும்போது போன் பெஞ்சில் கிடக்கிறது, நாய் தனியாகச் சுற்றுகிறது. இவ்வளவுதான் வெளியே தெரிந்தது. மீதி எல்லாம் நாம் நிரப்பியது.

நாய் நனையவில்லையே என்று கேட்டோம். அந்தம்மா தண்ணீரில் விழுந்தால் நாயும் குதித்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? இதை நான் அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கணக்கும் அப்படித்தான். அது நம் ஊர் வெயிலுக்கும் நம் ஊர்த் தண்ணீருக்கும் சரி. உடல் அழுக ஆரம்பித்து உள்ளே வாயு சேர்ந்தால்தான் மேலே வரும், ஜனவரிக் குளிரில் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். போதாததற்கு அந்த ஊர்த் தடுப்பணைக்குக் கீழே வயர் ஆற்றில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு, தண்ணீர் இரண்டு பக்கமும் இழுக்கும். பிப்ரவரி 19-ஆம் தேதி நடந்துபோன இரண்டு பேர் கண்ணில் உடல் பட்டது, பெஞ்சிலிருந்து ஒரு மைல் தள்ளிக் கரையோர நாணலில். சோனார் தண்ணீருக்குள் பார்க்கும், நாணல் புதருக்குள் பார்க்காது.

ஜூன் மாதம் பிரஸ்டனில் மரண விசாரணை நடந்தது. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் டிப்டன் சாட்சி சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் உடம்பு தானாக மூச்சை உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தாலும் அதை அடக்க முடியாது, ஒன்றிரண்டு மூச்சு தண்ணீருக்குள் போனாலே முடிந்தது. விபத்து என்று கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, ஜேம்ஸ் அடேலி தீர்ப்பு எழுதினார். பிப்ரவரி 3-ஆம் தேதியே, ஆற்றில் விழுந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறோம் என்று போலீஸ் சொன்னது. அதை யார் காதில் வாங்கினோம்?

போலீஸ் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரி 15-ஆம் தேதி அந்தப் பெண்ணின் குடிப்பழக்கத்தையும் மெனோபாஸையும் ஊரறியச் சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. அதே வருஷம் நவம்பரில் வந்த காலேஜ் ஆஃப் போலீஸிங் (அங்கே போலீஸுக்குப் பயிற்சியும் நெறிமுறையும் வகுக்கும் அமைப்பு) அறிக்கை, அது தேவையே இல்லாதது, தவிர்த்திருக்கலாம் என்று சொன்னது. பத்திரிகைகளோடு சரியாகப் பேசாமல் ஊகத்துக்கு இடம் விட்டதையும் சுட்டிக்காட்டியது. சரி. ஆனால் போலீஸ் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் ஜனங்கள் ஆற்றுக்கு எதிரே இருந்த காலி வீட்டுக்குள் செல்போனோடு நுழைந்தார்களா? ஊர்க் கவுன்சிலர்களுக்கு வசை அனுப்பினார்களா? கூட்டத்தைக் கலைக்க உத்தரவு போடவேண்டி வந்தது. தேட வேண்டிய போலீஸ், தேட வந்தவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. கடைசியில் உடலை மீட்டதைக்கூட ஒருவர் படம் பிடித்துப் போட்டார்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. அந்தத் துணைவரும் டிவியில் அதையேதான் சொன்னார்: அவள் ஆற்றில் இல்லை, எனக்கு நிச்சயம். நீங்களும் நானும் சொன்ன அதே வாக்கியம். அவர் சொன்னால், எங்கோ உயிரோடு இருக்கிறாள், தேடுங்கள் என்று அர்த்தம். நாம் சொல்லும்போது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று அர்த்தம், அப்புறம் அந்த யாரோவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, டிவியில் எப்போதும் இருந்த முகம் அவருடையதுதான். வீட்டில் ஆள் காணாமல் போன மனுஷன் கேமரா முன்னால் அழுதால் நடிப்பு, அழாவிட்டால் துக்கமில்லை. எப்படி உட்கார்ந்திருந்தால் நாம் விட்டிருப்போம், சொல்லுங்கள்?

2013-இல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. பிராவிடன்ஸில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர் மார்ச் மாதம் காணாமல் போனார். குடும்பம் ஃபேஸ்புக்கில் பக்கம் திறந்து தேடியது. ஏப்ரல் 15 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ரெட்டிட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் சிலர், எஃப்.பி.ஐ. வெளியிட்ட சந்தேக நபர் படத்தில் இருப்பவர் அவர்தான் என்று முடிவுகட்டினார்கள். பையனைத் தேடத் திறந்த பக்கத்தில் வசை வந்து குவிந்து, அதைக் குடும்பமே எடுக்கவேண்டி வந்தது. ஏப்ரல் 23-ஆம் தேதி ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. குண்டு வெடிப்பதற்கு முன்பே இறந்திருந்தார். ரெட்டிட் பிறகு மன்னிப்புக் கேட்டது.

உதவ நினைப்பது தப்பே இல்லை. அன்றைக்கு அந்தப் பாதையில் போன காரின் கேமராவில் ஏதாவது பதிவாகியிருந்தால் போலீஸிடம் கொடுங்கள், குடும்பம் வெளியிட்ட படத்தைப் பகிருங்கள், ஆள் கிடைத்ததும் எடுத்துவிடுங்கள். "நான் பார்த்தேன்" என்பவரிடம் கேட்கத்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "எனக்குத் தோன்றுகிறது" என்று வந்த தகவலையும் அதே ஆட்கள்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளவேண்டும்.

உங்கள் கமெண்டை அழித்துவிடுங்கள். நாலு பேர்தான் லைக் போட்டார்கள், யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதாமல் விட்டதும் இதனால்தான். அன்றைக்குக் காலையில் பள்ளியில் விட்ட இரண்டு பெண் குழந்தைகளும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள், அப்பாவோடு இருக்கிறார்கள், என்றைக்காவது அம்மா பெயரைப் போட்டுத் தேடுவார்கள்.