லயத்துக்குப் பின்னால் புலிக்குட்டியா?

கேள்வி: வால்பாறையில் எங்கள் லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், தேயிலைச் செடிக்கடியில் புள்ளி போட்ட குட்டி ஒன்று கத்திக்கொண்டே கிடக்கிறது. புலிக்குட்டி என்கிறார்கள். எடுத்து வளர்க்கலாமா?

பதில்: தொடாதீர்கள், அம்மா! எங்கள் எஸ்டேட்டிலும் ஒருமுறை இப்படித்தான் லயமே கூடிவிட்டது. பார்த்தால், சிறுத்தைப் பூனை. வளர்ந்தாலும் ஏறக்குறைய வீட்டுப் பூனை அளவுதான். காதின் பின்புறக் கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். கண்ணோரமாக நெற்றிக்கு ஏறும் வெள்ளைக் கோடுகளும் உண்டு. தாய் எலி பிடிக்கப் போயிருக்கும். ஆட்கள் கூடி நின்றால் அது வராது. நாயைக் கட்டிவிட்டு வனத்துறைக்கு போன் போடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வளர்ப்பது குற்றம். மழைக்காட்டுத் துண்டுகளுக்கு நடுவே ராத்திரி ரோட்டைக் கடக்கும்போது இவை அடிபடுகின்றன. வீட்டில் பைக் ஓட்டுகிறவர்களிடம் அதையும் சொல்லிவையுங்கள்.