பழைய காரின் ஓல்டனேற்றரை வீட்டிலேயே கழற்றித் திருத்தலாமா?

கேள்வி: அப்பாவின் லான்சர் பொக்ஸ் காரில் ஓடும்போதும் பற்றரி லைற் அணையவில்லை. பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டனேற்றர் போய்விட்டது, றிக்கண்டிசன் ஒன்று வாங்கிப் போடச் சொல்கிறார்கள். பழையதை வீட்டிலேயே திருத்த முடியுமா?

முடியும். என்னைக் கேட்டால் அதுதான் நல்லதும். றிக்கண்டிசன் என்று விற்கிறவற்றில் பலதுக்கு நடந்த வைத்தியம் வெளியில் அடித்த சில்வர் பெயின்ற் மட்டும்தான். அது எவருடைய வாகனத்தில் எத்தனை வருசம் ஓடியது, வைண்டிங் (உள்ளே இருக்கிற செப்புக்கம்பிச் சுற்று) எப்போது சூடேறியது என்று விற்கிறவருக்கே தெரியாது. உங்களுடையதன் கதை உங்களுக்குத் தெரியும். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். திறந்தும் வரியைப் பார்த்தால் பழைய கார்தான் நமக்குக் கதி. அதற்குள் இருக்கிற நல்ல சாமானை வீசக் கூடாது.

நான் பரந்தன் பக்கம். தொழில் வயல், கராச் இல்லை. வீட்டுக் கொட்டிலில் ஒரு வைஸ், மல்ரிமீற்றர், சோல்டரிங் அயன், கொஞ்சம் சாவிகள், அவ்வளவுதான். இந்த வேலைக்கு அது போதும்.

கழற்ற முதல் மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் நிற்கும். ஓடும்போது 13.8 இலிருந்து 14.4 வரை வரவேண்டும். ஏறாமல் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் இல்லை. ஆனால் குற்றம் ஓல்டனேற்றரில்தான் என்று அப்போதும் முடிவுகட்ட வேண்டாம். பெல்ற் தளர்ந்திருக்கலாம், நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் பதிய வேண்டும். எர்த் வயர் கறள் பிடித்திருக்கலாம். எஞ்சின் ஓட, ஹெட்லைற்றும் எரிய, ஓல்டனேற்றர் உடம்புக்கும் பற்றரியின் மைனஸுக்கும் இடையில் அளந்து பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள்.

உங்களுக்கு லைற் எரிகிறது. சிலருக்கு மறுபக்கம்: சாவியைத் திருப்பினாலும் லைற் வராது, சார்ஜும் இராது. லான்சர் பொக்ஸ் காலத்துக் கார்களில் றோட்டருக்கு (ஓல்டனேற்றருக்குள் சுற்றுகிற பகுதி) தொடக்க மின்சாரம் அந்தச் சிவப்பு பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் போனால் நல்ல ஓல்டனேற்றரும் சும்மா சுற்றும். ஒரு பல்புக்காக ஓல்டனேற்றர் மாற்றின ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

சரி, குற்றம் உள்ளேதான் என்றால் முதலில் பற்றரியின் மைனஸைக் கழற்றுங்கள். பின்னால் இருக்கிற தடித்த வயரில் எந்நேரமும் கரண்ட் நிற்கும். நட் கழற்றுகிற சாவி கார் உடம்பில் முட்டினால் பொறி பறக்கும். கழற்றி மேசையில் வைத்ததும் முன் மூடி, நடு வளையம், பின் மூடி மூன்றுக்கும் குறுக்கே பெயின்ற்றால் ஒரு கோடு இழுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோடு சேர்ந்தால் போதும். புலி (பெல்ற் ஓடுகிற சில்லு) நட் இறுகி இருந்தால் பழைய பெல்ற் ஒன்றைப் புலியில் சுற்றி வைஸில் பிடித்துத் திறக்கலாம். தண்டின் நுனியில் சுத்தியலால் அடிக்கவே வேண்டாம், மரை போய்விடும். பின் பெயாரிங் வரமாட்டேன் என்றால் கொதிநீரில் நனைத்த துணியை மூடிமேல் போடுங்கள், அலுமினியம் விரிந்து விட்டுக்கொடுக்கும்.

திறந்தால் பெரும்பாலும் முதலில் தெரிவது புழுதிதான். கிரவல் ரோட்டுத் தூளும் காலபோக அறுவடை நேரத்துச் சப்பியும் எஞ்சின் ஒயிலும் பிறஷ் (றோட்டர் வளையத்தில் உரசுகிற கரித்துண்டு) தூளும் சேர்ந்து களியாகிக் கிடக்கும். காய்ந்த தூரிகையால் தட்டி, காற்றடித்து எடுங்கள். தின்னர் பக்கம் போகவேண்டாம், வைண்டிங்கின் வார்னிஷைக் கரைத்துவிடும்.

இப்போது மீற்றர். றோட்டரின் இரண்டு செப்பு வளையங்களுக்கும் இடையில் மூன்று நான்கு ஓம்ஸ் வரலாம். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையில் ஒன்றும் வரக்கூடாது. ஸ்ரேற்றரின் (சுற்றாமல் நிற்கிற நடு வளையம்) வயர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பு காட்ட வேண்டும், உடம்போடு காட்டக் கூடாது. ஸ்ரேற்றருக்குள் நாலைந்து சுற்று ஒன்றோடொன்று முட்டியிருந்தால் வீட்டு மீற்றர் அதைப் பிடிக்காது. அங்கே கண்ணும் மூக்கும்தான்: ஒரு கட்டு மட்டும் கறுத்து எரிந்த மணம் வந்தால் வைண்டிங்காரரிடம் கொடுங்கள். அது வீட்டு வேலை அல்ல.

வீட்டில் செய்கிறவருக்கு உண்மையான வேலை பிறஷ்தான். ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சரியான அளவு கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய ஓல்டனேற்றர் பிறஷை எமறி பேப்பரில் தட்டையாக உரசிச் சிறிதாக்கலாம். கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். அதன் வால் வயரை ஈயம் வைத்து ஒட்டும்போது ஒட்டுகிற இடத்துக்கு மேலே குறட்டால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஈயம் இழைக்குள் ஏறி வயர் கம்பிபோல விறைத்துவிடும், ஸ்பிரிங் பிறஷைத் தள்ளாது. செப்பு வளையங்களை 400 அல்லது 600 எமறியால் சுற்றுவாக்கில் மினுக்குங்கள். ஆழமாகக் கோடு விழுந்திருந்தால் லேத்துக்குத்தான் போகவேண்டும்.

பூட்டும்போது இரண்டு பிறஷும் ஸ்பிரிங்கில் வெளியே துள்ளி நிற்கும், றோட்டர் உள்ளே போகாது. பின் மூடியைப் பாருங்கள், சின்னத் துளை ஒன்று இருக்கும். பிறஷ்களை விரலால் அமத்தி, அந்தத் துளையால் ஒரு சைக்கிள் கம்பியை விடுங்கள். பிறஷ்கள் கூட்டுக்குள்ளேயே நிற்கும். எல்லாம் பூட்டி இறுக்கிய பிறகு கம்பியை இழுத்தால் ‘டிக்’ என்று வளையத்தில் போய் இருக்கும். சைக்கிள் கம்பி நம்மிடம் இல்லாமல் போகாது. தொண்ணூறுகளின் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் பற்றரி வராது, பெற்றோல் வராது. கார் மண்ணெண்ணெயில் ஓடியது, சைக்கிளைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டது இந்தச் சனம்.

டயோட்கள் (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிறவை) ஒரு பக்கம் 0.4 இலிருந்து 0.6 வோல்ற் வரை காட்டி மறுபக்கம் காட்டாமல் இருக்க வேண்டும். சரியாகப் பார்க்க ஸ்ரேற்றர் வயர்களை ஈயம் கரைத்து எடுக்க வேண்டும். அப்போதும் குறடு டயோட்டுக்கும் அயனுக்கும் நடுவில் பிடித்திருக்கட்டும், சூடு அதில் இறங்கிவிடும். பெயாரிங்கை அதில் பொறித்த நம்பரைச் சொல்லி, இரண்டு பக்கமும் றப்பர் மூடியதாக வாங்குங்கள். ரக்டர் சாமான் கடைகளிலேயே கிடைக்கும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் தட்டுங்கள், மூடியில் இறக்கும்போது வெளிவளையத்தில்.

(டீசல் வான் வைத்திருப்பவர்கள் வாசித்தால்: பலதில் ஓல்டனேற்றரின் பின்னால் பிறேக்குக்கான வக்கியூம் பம்ப் இருக்கும். பழக்கம் இல்லாவிட்டால் அதைத் தொடவேண்டாம்.)

பூட்டிய பிறகு யாராவது வந்து, “பற்றரி ரேர்மினலைக் கழற்றிப் பாரும் தம்பி, எஞ்சின் நின்றால் ஓல்டனேற்றர் சரியில்லை” என்பார். மொறிஸ் மைனர் டைனமோ காலத்துப் பழக்கம் அது. எஞ்சின் ஓடும்போது பற்றரியைப் பிரித்தால் வோல்ற் சடாரென்று எகிறி, நீங்கள் காப்பாற்றிய டயோட்டையும், வோல்ற்றை அளவில் வைக்கிற றெகுலேற்றரையும் கொண்டுபோய்விடும். செத்த பற்றரியை ஏற்றுகிற பொறுப்பையும் புதிதாகப் பூட்டிய ஓல்டனேற்றரின் தலையில் கட்டாதீர்கள். முதலில் வெளியில் சார்ஜ் ஏற்றிவிட்டு வையுங்கள்.

சோதனைக்கு ஹெட்லைற், வைப்பர் எல்லாம் போட்டு மீற்றரைப் பாருங்கள். 13.5 இற்கு மேல் நின்றால் சந்தோசம். 15 ஐத் தாண்டினால் றெகுலேற்றர் போய்விட்டது, பற்றரி கொதிக்க முதல் நிற்பாட்டுங்கள். இரவு காரை நிற்பாட்டிவிட்டு, விடிய எஞ்சினைத் தொட முதல் ஓல்டனேற்றரில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் ஒரு டயோட் கசிகிறது, திரும்பவும் கழற்ற வேண்டியதுதான்.