கண்டதை எழுதுங்கள்

அன்புள்ள சார்,

நான் தக்கலைக்காரன். வெளியூரில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் மிகக் குறுகிய துடிப்புகளாக வரும் 800 நானோமீட்டர் ஃபெம்டோநொடி லேசரைச் சஃபையர் படிகத் தகட்டில் குவித்தால் மறுபுறம் வெள்ளை ஒளி வருகிறது. முப்பட்டகம் செய்வதன் தலைகீழ்தானா இது? இதிலேயே ஆய்வுக்குப் போகலாமா? வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள்.
(கடிதத்தில் இருந்த சமன்பாடுகளை நான் நீக்கிவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

தலைகீழ் அல்ல. முப்பட்டகம் இருக்கும் நிறங்களைப் பிரிக்கும், புதிதாக ஒன்றையும் உண்டாக்காது. ஃபெம்டோநொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. 100 ஃபெம்டோநொடித் துடிப்பின் நீளம் காற்றில் 30 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஆற்றல் அத்தனையும் அதற்குள் அடைபட்டு வருவதால் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணே மாறிவிடுகிறது. கற்றை தன்னைத் தானே குவித்துக்கொண்டு இழையாக ஓடுகிறது. கூடவே அலையின் கட்டமும், அதாவது ஏற்ற இறக்கத்தில் அது நிற்கும் நிலையும், கணத்துக்குக் கணம் மாறுவதால் துடிப்பின் முன்பகுதியில் சிவப்புப் பக்கமும் பின்பகுதியில் நீலப் பக்கமும் புது நிறங்கள் பிறக்கின்றன.

இதைப் புத்தகமே சொல்லிவிடும். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். அரைப் பக்கம் சமன்பாடு எழுதிய நீங்கள், கண்ணால் கண்டதற்கு ‘வெள்ளை ஒளி’ என்ற இரண்டே சொற்களைத்தான் செலவழித்திருக்கிறீர்கள். நடு வெள்ளையைச் சுற்றி நிற வளையங்கள் இருந்தனவா? வெளி வளையம் என்ன நிறம்? ஆற்றலைக் கூட்டியபோது ஓர் இழை இரண்டானதா? பக்கத்தில் நின்றும் பார்க்காமல் வருவது என்ன படிப்பு?

நம் குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சி மணலை ஒரு பிடி செய்தித்தாளில் கொட்டி, எங்கள் ஆசிரியர் கைலென்சைக் கொடுப்பார். ‘கருமணல்’ என்று எழுதியவர்களின் நோட்டைத் திருப்பித் தந்துவிடுவார். “கண்டதைச் சொல்லு, மக்களே” என்பார். இல்மனைட்டின் கருமை, கார்னெட்டின் இளஞ்சிவப்பு, மோனசைட்டின் தேன்மஞ்சள், இந்தக் கனிமங்களைக் குண்டூசி முனையால் தனித்தனியாக ஒதுக்கிக் காட்டிய பிறகே பெயர் சொல்வார். சஃபையருக்குப் பதிலாகப் பலர் வைக்கும் யாக் (YAG) என்ற செயற்கைப் படிகமும் அந்தக் கார்னெட்டின் கட்டமைப்பைக் கொண்டதுதான், தம்பி. நம் கடற்கரைப் பிள்ளைக்கு இது அந்நியமான பொருளா?

1970இல் ஆல்ஃபானோ, ஷாப்பிரோ என்ற இயற்பியலாளர்கள் போரோசிலிகேட் கண்ணாடியில் பச்சை நிறப் பிகோநொடித் (ஃபெம்டோநொடியைப் போல ஆயிரம் மடங்கு) துடிப்பைச் செலுத்தி, 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒளி விரிந்ததைக் கண்டார்கள். கட்டுரைத் தலைப்பில் முதலில் நிற்பது அந்த வீச்சு, அதற்கான விளக்கம் அதன் பின்னால்தான்.

வங்கித் தேர்வை எழுதுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அதற்கு முன் அந்த ஒளியை வெள்ளை அட்டையில் விழவிட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கற்றைக்கு நேரே கண்ணை வைக்கவே கூடாது. கண்டதை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். சமன்பாடு வேண்டாம்.