மகன் ஓட்டினான், சம்மன் என் பெயரில் வந்தது

கேள்வி: தோட்டத்து லயத்தை விட்டு சுங்கை சிப்புட் தாமானுக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. என் மைவி காரை மகன் எடுத்துப் போனபோது, பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் 30 கிலோமீட்டருக்குப் பதிலாக 58-இல் போயிருக்கிறான். படம் பிடித்து என் பெயருக்கு 300 வெள்ளி சம்மன் அனுப்பியிருக்கிறார்கள். கடிதம் பழைய தோட்டத்துக்குப் போய், அங்கே இன்னும் இருப்பவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மகனிடம் இருப்பது புதிதாக ஓட்டுபவர்களுக்குத் தரும் 'பி' லைசென்ஸ். நானே ஓட்டியதாகச் சொல்லிவிட்டால் அவன் தப்பிப்பானா? வருடக் கடைசியில் தள்ளுபடி வரும், அதுவரை கட்டாதே என்று காப்பிக்கடையில் சொல்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் உள்ளே போட்டுவிடுவார்களா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான். வேகமாக ஓட்டிய குற்றத்துக்கு மட்டும் சிறை கிடையாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இதற்கு விதிப்பது அபராதம்தான்: குறைந்தது 300 வெள்ளி, கூடினால் 2,000 வெள்ளி. ஆபத்தாக ஓட்டினான் என்று 42ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் கதையே வேறு, அதில் சிறை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட சின்ன வழக்கிலும் ஒரு மனிதனைக் கம்பிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிற காரியங்கள் இரண்டு உண்டு. அதிகாரியிடம் பொய் சொல்வது ஒன்று, நீதிமன்றம் கூப்பிட்ட நாளில் போகாமல் இருப்பது இன்னொன்று. நீங்கள் யோசிக்கும் யோசனை ஒன்றிலும், காப்பிக்கடை யோசனை மற்றொன்றிலும் கொண்டுபோய் விடும். அதனால்தான் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

கார் உங்கள் பெயரில் இருப்பதால் கடிதம் உங்களுக்கு வந்தது. அந்த நேரத்தில் யார் ஓட்டினார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய கடமையை 115ஆவது பிரிவு வாகன உரிமையாளர் மீது வைத்திருக்கிறது. சொல்லாமல் இருந்தாலே அது தனிக் குற்றம். தெரிந்தே தப்பான ஆளைக் காட்டினால் தண்டனைச் சட்டத்தின் 182ஆவது பிரிவும் பாயலாம், அதில் ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது. 300 வெள்ளிக் காகிதம் ஒன்றைக் காப்பாற்றப் போய் அப்பாவும் மகனும் சேர்ந்து குற்றவாளியாவதா? பெற்ற மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்கள் மகனின் பெயர், ஐசி எண், லைசென்ஸ் விவரம் ஆகியவற்றை, ஓட்டியவர் யார் என்று கேட்கும் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். நோட்டீஸில் கொடுத்திருக்கும் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள்.

லைசென்ஸ் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். சம்மன் கட்டினாலோ நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானாலோ கெஜாரா என்ற குற்றப்புள்ளி முறையில் புள்ளி ஏறும். லைசென்ஸ் பறிபோகும் புள்ளி வரம்பு 'பி' லைசென்ஸ்காரருக்கு மற்றவர்களைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரே வேகச் சம்மனில் அந்த வரம்பு நிரம்பாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று வாங்கினால்தான் ஆபத்து.

தள்ளுபடிக்குக் காத்திருக்கும் பழக்கம் நம்மவர்களிடம் ஊறிப்போய்விட்டது. முன்பெல்லாம் பண்டிகைக்கு ஒன்று, வருடக் கடைசிக்கு ஒன்று என்று அறிவித்துக்கொண்டே இருந்தார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. 2026 ஜனவரி 1 முதல் கணக்கு தலைகீழாகிவிட்டது. முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு குறைவு. அதற்குமேல் 60ஆம் நாள் வரை முழுத்தொகை, அதையும் தாண்டினால் நீதிமன்றம். உங்கள் 300 வெள்ளி முதல் 15 நாளுக்குள் கட்டினால் 150, தள்ளிப்போட்டால் 201, அப்புறம் 300. நாளை எண்ணும்போது காகிதத்தில் அச்சான தேதியிலிருந்து எண்ணுங்கள். உங்கள் கடிதம் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது, பாதி நாள் அதிலேயே போயிருக்கலாம்.

எதிர்த்து வாதாடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 30 என்ற பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது, படத்தில் இருப்பது உங்கள் கார் எண் இல்லை, அந்த நேரத்தில் கார் வேறு ஊரில் இருந்தது: இப்படி ஏதாவது இருந்தால் விசாரணை கேட்பது உங்கள் உரிமை. பலகையை இப்போதே போய்ப் படம் எடுத்து வையுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கட்டிவிடுவதே நல்லது. விசாரணைக்கு இரண்டு மூன்று நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, தோற்றால் 300-க்குக் குறையாமல் கட்ட வேண்டிவரும்.

ஒருவேளை நாள் கடந்து நீதிமன்றத்துக்கே போய்விட்டால் மகன் தானே மாஜிஸ்திரேட் முன் நிற்க வேண்டும். மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லட்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனைக்கு முன் பேச வாய்ப்பு தருவார்கள்; முதல் தடவை என்பதையும் சம்பளம் எவ்வளவு என்பதையும் அப்போது சொல்லலாம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. போகாமல் விட்டால் பிடியாணை வரும், சாலை வரி புதுப்பிக்கும்போதும் இடிக்கும்.

பிடியாணையோடு என்னிடம் வந்த தோட்டத்து மக்களில் சட்டத்தை அலட்சியப்படுத்தியவர்கள் குறைவு. பெரும்பாலானோர் கடிதத்தையே பார்த்ததில்லை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தை இடித்துவிட்டார்கள், செம்பனை நடுவே இல்லாத வீட்டுக்குக் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது விதி. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேவிலும் மாற்றுங்கள்.

மகனிடம் நீங்கள் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. 58-இல் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டர் ஓடிவிடும், 30-இல் போனால் எட்டு மீட்டர் சொச்சம். பள்ளி விட்டதும் அம்மாவைப் பார்த்து ஓடிவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எட்டு மீட்டர்தான் உயிர். அவனும் அப்படி ஒரு பள்ளிக்கூட வாசலிலிருந்து ஓடிவந்தவன்தானே.

நல்லவேளையாக இந்தக் கடிதத்தை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவை வந்தனவா என்று யாருக்குத் தெரியும்? போலீஸ் சம்மன்களைப் பார்க்கும் மைபாயார் பிடிஆர்எம் செயலியில் உங்கள் ஐசி எண்ணையும் கார் எண்ணையும் இன்றிரவே போட்டுப் பாருங்கள்.